கோதிக் கதையில் சாவைத் தப்ப முடியாததாக ஆக்குவது எப்படி

கோதிக் கதை, அதாவது பழைய மாளிகை, சாபம், சாவு என்று திகிலும் மர்மமும் சூழ்ந்த கதை, எழுத உட்காருகிற பலர் முதல் பக்கத்திலேயே இருட்டு, இடி, வௌவால், பாழடைந்த மாளிகை, உறைந்த ரத்தம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். படிப்பவருக்குக் கொஞ்சம் பயம் வரலாம். ஆனால் இந்த ஆள் செத்தே தீருவான், இனி யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்கிற கனம் வராது. பயம் "வருமா, வராதா?" என்று கேட்கிறது. தப்ப முடியாமை "வரும், எப்போது?" என்று மட்டும் கேட்கிறது. முதல் கேள்விக்கு உரிச்சொற்கள் போதும். இரண்டாவதை எழுப்ப வேண்டுமானால் வினைச்சொல், காலம், எண்ணிக்கை, ஒரே திசையில் நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பொருள் ஆகியவை வேண்டும். இங்கே சொல்லப்போவது முழுக்க அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான். கதை எழுதுகிறவர்களுக்கும் பயன்படும், கதையை அலசி எழுத வேண்டிய மாணவர்களுக்கும் பயன்படும், ஏனென்றால் இரண்டு பேரும் பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றுதான்.

வித்தியாசம் புரிய அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டுமே 1842-ல் வெளிவந்தவை. 'குழியும் ஊசலும்' கதையில் கட்டிப்போட்ட ஒரு கைதியின் மேல் கூரான ஊசல் அங்குலம் அங்குலமாக இறங்குகிறது. மூச்சு முட்டும் அளவுக்குப் பயம். ஆனால் கடைசியில் ஒரு கை நீண்டு அவனைக் காப்பாற்றிவிடுகிறது, நாமும் அதை நம்பிவிடுகிறோம். 'சிவப்பு மரணத்தின் முகமூடி' கதையில் பெரும்பகுதி விருந்தும் நடனமும்தான். ஒருவரும் கட்டப்பட்டிருக்கவில்லை. இருந்தும் அங்கே யாராவது பிழைப்பார்கள் என்று எந்த இடத்திலும் நமக்குத் தோன்றுவதில்லை. பயங்கரம் குறைவாக உள்ள கதையில் சாவு உறுதியாக இருக்கிறது. எப்படி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குங்கள்

படிப்பவராக இருந்தால் கதையை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, கடைசிப் பத்திக்குத் திரும்பி வந்து அதிலுள்ள பெயர்ச்சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றும் கதையில் முதன்முதலாக எங்கே வந்தது என்று தேடுங்கள். நல்ல கோதிக் கதையில் அவற்றில் பாதிக்கு மேல் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும்.

போவின் 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' (1839) இதற்கு மிகச் சரியான பாடம். கடைசிப் பத்தியில் ஒரு விரிசல், ஒரு ரத்தச் சிவப்பு நிலா, ஒரு குட்டை. மாளிகை அந்த விரிசல் வழியே பிளந்து விழ, குட்டையின் நீர் அதன் துண்டுகளை மூடிக்கொள்கிறது. இப்போது தொடக்கத்துக்குப் போங்கள். குதிரையில் வந்து சேரும் நண்பன் மாளிகையைப் பார்க்கிறபோதே விரிசல் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் அதை எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள்: கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக, கூர்ந்து பார்ப்பவருக்கு மட்டும் புலப்படக்கூடியதாக, கூரையிலிருந்து கோணல்மாணலாக இறங்கிக் குட்டை நீரில் மறைகிறது. "பயங்கரமான விரிசல்" என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தெரிந்தும் தெரியாததுமாக என்ற அந்தச் சொற்கள்தான் அதைக் கதை முழுக்க உயிரோடு வைத்திருக்கின்றன. இன்னொன்றும் உண்டு, பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாளிகையை நேராகப் பார்க்கச் சகிக்காமல் அவன் குட்டையில் விழும் அதன் தலைகீழ் நிழலைப் பார்க்கிறான், அது இன்னும் மோசமாக இருக்கிறது. அதாவது முதல் பக்கத்திலேயே அந்த வீடு நீருக்குள் இருக்கிறது. கடைசிப் பக்கம் அதை நிஜமாக்குகிறது, அவ்வளவுதான்.

எழுதுபவராக இருந்தால் இதையே திருப்பிப் போடுங்கள். முடிவை முதலில் எழுதுங்கள். போவும் 1846-ல் எழுதிய ஒரு கட்டுரையில், 'அண்டங்காக்கை' கவிதை எப்படி உருவானது என்று விளக்கும்போது, விளைவையும் முடிவையும் முதலில் தீர்மானித்துக்கொண்டு பின்னோக்கி வேலை செய்ததாகவே சொல்கிறார். முடிவில் வரும் பொருள்களில் மூன்றை எடுத்து, முதல் இரண்டு பக்கங்களில் எந்த அழுத்தமும் இல்லாமல் வைத்துவிடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், வாசகர் நினைவில் தங்காது.

குறியீடு கதைக்குள் வேலை பார்க்க வேண்டும்

மண்டையோடு, காகம், கருப்பு ரோஜா, கல்லறை எல்லாம் சாவைப் பற்றி அறிவிப்பு கொடுக்கின்றன, அதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. தப்ப முடியாமையைச் சுமக்கிற குறியீடு வேறு மாதிரி. அது கதைக்குள் ஒரு சாதாரணப் பொருளாக, அன்றாடம் புழங்குகிற ஒன்றாக இருக்கும். ஒரே திசையில் மாறிக்கொண்டே போகும், திரும்பி வராது. பாத்திரங்கள் அதைப் பார்ப்பார்கள், ஆனால் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் அல்லது புரிந்தும் மறக்கப் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்ததும் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். மூன்றில் இரண்டாவது தேறவில்லை என்றால், அதாவது பொருள் மாறாமல் அப்படியே நிற்கிறது என்றால், அது அலங்காரம்தான். தயங்காமல் வெட்டிவிடலாம்.

'சிவப்பு மரணத்தின் முகமூடி'யில் வரும் கருங்காலி மரக் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். நாட்டைக் கொள்ளைநோய் அழித்துக்கொண்டிருக்கிறது. நோய் தொடங்கி ஆள் முடிவதற்கு அரைமணி நேரம்தான். இளவரசர் பிராஸ்பெரோ ஆயிரம் பேரை அழைத்துக்கொண்டு கோட்டைபோன்ற ஒரு மடத்துக்குள் போய்க் கதவின் தாழ்ப்பாள்களை உருக்கி அடைத்துவிடுகிறார். உள்ளே முகமூடி விருந்து. கிழக்கிலிருந்து மேற்காக ஏழு அறைகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம்: நீலம், கருஞ்சிவப்பு கலந்த ஊதா, பச்சை, ஆரஞ்சு, வெள்ளை, கத்தரிப்பூ நிறம், கடைசியில் கருப்பு. மற்ற அறைகளில் சன்னல் கண்ணாடி அந்தந்த அறையின் நிறத்தில் இருக்கும். கருப்பு அறையில் மட்டும் கண்ணாடி ரத்த நிறம். கடிகாரம் அங்கேதான், மேற்குச் சுவரில்.

சூரியன் உதிக்கிற திசையில் தொடங்கி மறைகிற திசையில் முடிகிறது என்பதால் அந்த அறைகள் ஒரு வாழ்நாள் என்று பல விளக்க உரைகளும் சொல்லும். சரிதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் கதை எப்படி இயங்குகிறது என்பது தெரியாது. கடிகாரம் மணி அடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். இசைக்கலைஞர்கள் நிறுத்துகிறார்கள். நடனம் நிற்கிறது. வயதானவர்கள் நெற்றியைத் தடவிக்கொள்கிறார்கள். ஒலி அடங்கியதும் எல்லாரும் லேசாகச் சிரித்துக்கொண்டு, அடுத்த தடவை இப்படிக் கலங்கக் கூடாது என்று ஒருவருக்கொருவர் கிசுகிசுக்கிறார்கள். அப்புறம் அறுபது நிமிடம் கழித்து, மூவாயிரத்து அறுநூறு வினாடி என்று போ அதையும் எண்ணிச் சொல்கிறார், மறுபடி மணி அடிக்கிறது. மறுபடி அதே கலக்கம். எத்தனை அழகான ஏற்பாடு இது! கடிகாரம் யாரையும் கொல்லவில்லை. ஒவ்வொரு மணிக்கும் அவர்களை நிறுத்தி வைத்துப் பார்க்கிறது. நள்ளிரவில் அதிக நேரம் அடிக்க வேண்டியிருப்பதால் அதிக நேரம் நிற்கிறார்கள், நிற்கிறபோதுதான் கூட்டத்தில் ஒரு புது முகமூடியைக் கவனிக்கிறார்கள், கொள்ளைநோயே அந்த வேடத்தில் உள்ளே வந்திருக்கிறது. குறியீடு கதையை நகர்த்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நின்றுபோன கடிகாரத்தையும் இதே வேலைக்குப் பயன்படுத்தலாம். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1860-61) முழுக்கக் கோதிக் நாவல் இல்லை, ஆனால் மிஸ் ஹாவிஷாம் வரும் பக்கங்கள் கோதிக்தான். மணமகன் வரமாட்டான் என்று கடிதம் வந்த நேரத்தில், எட்டு நாற்பதுக்கு, வீட்டிலுள்ள கடிகாரங்களை எல்லாம் நிறுத்திவிட்டாள். காலத்தை நிறுத்திவிட்டதாக அவள் நினைப்பு. ஆனால் கல்யாண உடை மஞ்சளாகிக்கொண்டே இருக்கிறது, கேக்கில் சிலந்திகள் குடியேறிவிட்டன. நின்ற முள்ளும் நிற்காத அழுகலும் ஒரே அறையில் இருப்பதுதான் அந்தக் காட்சியின் பலம். அந்த மேசையைக் கைத்தடியால் சுட்டி, தான் செத்ததும் தன்னை இங்கேதான் கிடத்துவார்கள் என்கிறாள். பிற்பாடு உடையில் தீப்பிடித்துப் புண்பட்டவளை, சிகிச்சைக்கு வசதி என்று மருத்துவர் சொன்னதால், அதே மேசையில்தான் கிடத்துகிறார்கள். மேசை மாறவில்லை, அதன் மேல் இருப்பது மாறியது.

சொல்லில் எங்கே கவனம் வைப்பது

முதலில், சாவைக் குறிக்கும் சொற்களைச் சேமித்து வையுங்கள். மரணம், சாவு, பிணம், முடிவு என்று பக்கத்துக்குப் பத்து முறை வந்தால் எந்தச் சொல்லும் எடை இழந்துவிடும். அதிலும் "மரணம்" பேய்க்கதைகளில் புழங்கிப் புழங்கித் தேய்ந்துபோன சொல். கதையில் எந்த இடத்தில் "செத்துப்போனான்" என்று பச்சையாகச் சொல்லப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், அதுவரை அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். அதே சமயம் கதைசொல்லி யார் என்பதும் முக்கியம். "காலமானார்" என்று சொல்கிற கதைசொல்லி எட்டி நிற்கிறார், எதையோ மூடுகிறார். "செத்தான்" என்பவர் பக்கத்திலேயே நின்று பார்த்தவர். முதலில் காலமானார் என்று சொல்லிவந்த ஒரு கதைசொல்லி பாதியில் செத்தான் என்று மாறினால், வாசகர் காதில் அது நிச்சயம் விழும்.

அடுத்து சின்னச் சொற்கள். "இன்னும்", "அதுவரை", "இதற்குள்", "கடைசியாக", "மறுபடியும்". விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று எழுதினால் ஒரு விளக்கு. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது என்று எழுதினால் அணையப்போகிற விளக்கு. ஒரு பெயரடைகூடச் சேர்க்காமல் முழு வாக்கியத்தையும் சரிவில் வைத்துவிட்டோம். அவர் அந்தச் சாவியை அதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை என்றால், இன்றைக்குக் கொடுக்கப்போகிறார் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். இத்தகைய சொற்களைப் படிக்கும்போது பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள். கதை எங்கே திரும்புகிறது என்பதை அவை காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, யார் எழுவாய் என்பது. இதற்குத்தான் தமிழ் நமக்கு வாரி வழங்கியிருக்கிறது. "அவள் மாடிக்குப் போனாள்" என்றால் போவதும் போகாததும் அவள் இஷ்டம். "அவளுக்கு மாடிக்குப் போக வேண்டியிருந்தது" என்றதும் இஷ்டம் கொஞ்சம் குறைந்துவிட்டது. "கால்கள் அவளை மாடிக்குக் கொண்டுபோயின" என்றால் அவளிடம் ஒன்றுமே மிச்சமில்லை. தூக்கம் வந்தது, குளிரெடுத்தது, மறந்துவிட்டது, தோன்றியது என்று நாம் அன்றாடம் சொல்கிற வாக்கியங்களில் எல்லாம் ஆள் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார், அவருக்கு என்னவோ நேர்கிறது. கதையின் தொடக்கத்தில் உங்கள் பாத்திரத்தை எழுவாயாக வைத்து, செய்வினைகளாக எழுதுங்கள்: திறந்தான், படித்தான், சிரித்தான், பூட்டினான். போகப் போக அவனைக் "அவனுக்கு" ஆக்குங்கள். அதே நேரத்தில் பொருள்களை எழுவாயாக்குங்கள்: கதவு வழிவிட்டது, படிகள் இறங்கின, இருட்டு காத்திருந்தது. வாசகர் இதை இலக்கணமாகக் கவனிக்கமாட்டார், ஆனால் ஆளின் கையிலிருந்து எல்லாம் நழுவுவதை உடம்பில் உணர்வார். ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள், செயற்கையாகத் தெரியும். ஐந்தில் ஒரு வாக்கியம், மூன்றில் ஒன்று, பிறகு பாதி என்று கூட்டிக்கொண்டே போனால் போதும்.

நான்காவது உரையாடல். பேசுகிறவருக்கு ஒரு பொருளும் கேட்கிறவருக்கு இன்னொரு பொருளும் இருக்கிற வார்த்தைகள் சாவை மேசைமேல் வைத்துவிட்டு யாரும் அதைப் பார்க்காதபடி செய்துவிடும். போவின் 'அமோன்டிலாடோ பீப்பாய்' (1846) முழுக்க இப்படித்தான். பழிவாங்கத் துடிக்கும் மான்ட்ரசார், அமோன்டிலாடோ என்ற மதுவை ருசிபார்க்க வா என்று ஃபார்ச்சுனாட்டோவைத் தன் குடும்பத்தின் நிலவறைக் கல்லறைகளுக்குள் அழைத்துப் போகிறான். ஈரத்தில் ஃபார்ச்சுனாட்டோவுக்கு இருமல் வருகிறது. இருமலில் ஒன்றும் நான் சாகமாட்டேன் என்கிறான். உண்மை, உண்மை என்று பதில் வருகிறது. நம்மைச் சுற்றி உறங்கும் இறந்தவர்களுக்காக என்று ஒருவன் கோப்பையை உயர்த்த, உன் நீண்ட ஆயுளுக்காக என்று மற்றவன் உயர்த்துகிறான். ஒரு இடத்தில் ஃபார்ச்சுனாட்டோ, கொத்தனார் பெயரைக் கொண்ட அந்த ரகசியச் சங்கத்தில் நீயும் உறுப்பினரா, அடையாளம் காட்டு என்று சீண்ட, மான்ட்ரசார் மேலங்கிக்குள்ளிருந்து நிஜமான கொத்துக்கரண்டியையே எடுத்துக் காட்டுகிறான். ஃபார்ச்சுனாட்டோ அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு நடையைத் தொடர்கிறான். அந்தக் கரண்டியால்தான் பிறகு அவனை உயிரோடு சுவருக்குள் வைத்து அடைக்கப்போகிறான். கொலைக்கருவியைக் கையில் காட்டியும் அவனுக்குத் தெரியவில்லை. நமக்குத் தெரிகிறது. தப்ப முடியாமை இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வாய்விட்டுப் படியுங்கள், நீண்ட உயிர்கள் வாக்கியத்தை மெதுவாக்கும், வல்லினம் அடுக்கி வந்தால் அடி விழுகிற மாதிரி இருக்கும். 'அண்டங்காக்கை'யில் (1845) பறவை ஒரே ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பதில் என்னவென்று தெரிந்துகொண்டே அந்த மனிதன் மேலும் மேலும் வலிக்கிற கேள்வியாகக் கேட்கிறான். உங்கள் கதையில் ஒரு சொல்லோ வாக்கியமோ திரும்பி வருவதானால் அது மாறாமல் வரட்டும், அதைச் சுற்றியுள்ள நிலைமை மோசமாகட்டும்.

எண்ணிக்கை

எண் இரக்கமற்றது. வாசகர் மனம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்டால் நான்குக்குத் தானாகவே காத்திருக்கும். மான்ட்ரசார் சுவர் எழுப்பும்போது கல்வரிசைகள் எண்ணப்படுகின்றன. பதினொன்றாவதுதான் கடைசி. உள்ளே இருப்பவன் கத்துகிறான், சிரிக்கிறான், கெஞ்சுகிறான், வரிசைகளோ தம்பாட்டுக்கு ஏறுகின்றன.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் (1897) ரத்தக்காட்டேரி டிராகுலாவைச் சுமந்து வரும் டிமீட்டர் என்ற கப்பலின் நாட்குறிப்பு வரும் பகுதியைத் தனியாக எடுத்துப் படியுங்கள். தொடக்கத்தில் மாலுமிகள் ஐவர், துணை அதிகாரிகள் இருவர், சமையல்காரர், கேப்டன் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. பிறகு ஒருவர் காணோம். சில நாள் கழித்து இன்னொருவர். கேப்டன் எழுதுவது நிர்வாகக் குறிப்பு: தேதி, காற்று, மூடுபனி, வேலைக்கு ஆள் போதவில்லை. ரத்தம் இல்லை, அலறல்கூட ஓரிரு இடத்தில்தான். ஆனால் ஒன்பதிலிருந்து கழித்துக்கொண்டே வரும் நமக்குக் கேப்டனின் முறை எப்போது வரும் என்று அவருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அவர் சுக்கானோடு தன் கைகளைக் கட்டிக்கொள்கிறார். கப்பல் கரை சேரும்போது அப்படியேதான் இருக்கிறார். வறண்ட மொழி இங்கே சாதித்ததைக் கவித்துவமான மொழி சாதித்திருக்காது.

எண்ணிக்கையைப் பயன்படுத்தும்போது மொத்தம் எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மொத்தம் தெரியாமல் குறைந்துகொண்டே வந்தால் அது வெறும் மர்மம்.

தப்பிக்கிற வழியே சாவுக்கு வழியாகட்டும்

இதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானது. பாத்திரம் சும்மா இருந்து செத்தால் பரிதாபம். தப்பிக்கச் செய்த காரியமே சாவைக் கூட்டிவந்தால்தான் இனி எதுவும் செய்வதற்கில்லை என்ற உணர்வு முழுமையாகும். பிராஸ்பெரோ தாழ்ப்பாள்களை உருக்கி அடைத்தது நோய் உள்ளே வராமலிருக்க. நோய் உள்ளே வந்தபின் யாரும் வெளியே போக முடியாததற்கும் அதுவே காரணம்.

கோதிக் நாவல் வகையே இப்படித்தான் தொடங்கியது. ஹொரேஸ் வால்போலின் 'ஒட்ரான்டோ கோட்டை' 1764-ல் வந்தது. தன் வம்சத்தின் கையை விட்டுக் கோட்டை போய்விடும் என்ற பழைய தீர்க்கதரிசனத்துக்குப் பயந்து மான்ஃப்ரெட் மகனுக்கு அவசரமாகக் கல்யாணம் ஏற்பாடு செய்கிறான். கல்யாண நாளில் ராட்சதத் தலைக்கவசம் ஒன்று விழுந்து மகன் நசுங்கிப்போகிறான். வம்சத்தைக் காப்பாற்ற மான்ஃப்ரெட் அடுத்தடுத்துச் செய்வதெல்லாம் அதை இன்னும் வேகமாக அழிக்கிறது, கடைசியில் வேறு பெண் என்று நினைத்துத் தன் மகளையே குத்திவிடுகிறான்.

மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' (1818) இதை ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறது. உன் திருமண இரவில் நான் உன்னோடு இருப்பேன் என்று, விக்டர் பிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய உயிர் அவனையே எச்சரிக்கிறது. குறி தான்தான் என்று விக்டர் எடுத்துக்கொள்கிறான். அந்த இரவில் மனைவியைப் பாதுகாப்பாக அறைக்கு அனுப்பிவிட்டு, துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றிச் சுற்றித் தேடுகிறான். அலறல் அறையிலிருந்து வருகிறது. எழுதும்போது உங்கள் பாத்திரத்திடம் கேளுங்கள்: நீ பிழைக்க என்ன செய்வாய்? வரும் பதிலைக் கதையின் பொறியாக மாற்றுங்கள். அந்தப் பதில் புத்திசாலித்தனமானதாக இருக்க வேண்டும், நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று தோன்ற வேண்டும். முட்டாள்தனமாக இருந்தால் வாசகர் பாத்திரத்தைக் குறைசொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வார்.

ஒரு பத்தியை எழுதித் திருத்திப் பார்ப்போம்

ஆற்றோரத்துப் பழைய மாளிகை, தனியாக இருக்கும் வயதான சொந்தக்காரர், நிலவறையில் ஏறிவரும் நீர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கைக்கு வருவது இப்படி இருக்கும்:

"அந்தப் பயங்கர நிலவறையில் மரண இருள் சூழ்ந்திருந்தது. கரிய நீர் பேய்போல் அலைமோதியது. சாவின் வாடை மூக்கைத் துளைத்தது. தன் முடிவு நெருங்கிவிட்டதை உணர்ந்து அவர் நடுநடுங்கிப்போனார்."

நான்கு வாக்கியமும் ஒரே சேதியைச் சொல்கின்றன, வாசகருக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. இப்போது இது:

"நிலவறைக்குப் பதினாறு படிகள். சிறு வயதில் எண்ணிக்கொண்டே இறங்கியது அவருக்கு நினைவிருந்தது. மழை தொடங்கிய வாரம் பதினான்கு தெரிந்தன. வக்கீல் வந்துபோன அன்று பதினொன்று. நேற்று இரவு விளக்கை எடுத்துக்கொண்டு போனபோது ஏழாவது படி இன்னும் உலர்ந்திருந்தது. ஆறாவதில் உட்கார்ந்து, ஏழாவதில் கால் வைத்துக் கடிதத்தைப் படித்து முடித்தார். எழுந்தபோது செருப்பு நனைந்திருந்தது."

சாவு என்ற சொல் இல்லை. நடுக்கமும் இல்லை. மொத்தம் முதல் வாக்கியத்திலேயே சொல்லியாயிற்று, அதனால் மிச்சம் எவ்வளவு என்று வாசகரே கணக்குப் போடுவார். "இன்னும்" தன் வேலையைச் செய்கிறது. அவர் எண்ணினார், இறங்கினார், படித்தார், கடைசி வாக்கியத்திலோ எழுவாய் செருப்பு. கடிதத்தில் என்ன இருந்தது என்பதைவிட அதைப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்பது இங்கே முக்கியமாகிவிட்டது. இதற்குப் பிறகு நீரைப் பற்றி எழுதவே வேண்டாம். பல பக்கம் கழித்து யாராவது மாடிப்படியில் ஏறும்போது நான்கு, மூன்று என்று முணுமுணுத்தால் போதும்.

கதைசொல்லியின் காலத்தையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். முடிவு தெரிந்த ஒருவர் பின்னோக்கிச் சொல்கிறாரா, இல்லை நடக்க நடக்கச் சொல்கிறாரா? முதல் வகையில் தப்ப முடியாமை பாதி இலவசமாகக் கிடைத்துவிடும். வில்லியம் ஃபாக்னரின் 'எமிலிக்கு ஒரு ரோஜா' (1930) எமிலியின் சாவுச் செய்தியோடுதான் தொடங்குகிறது. அதனால் அவள் சாவாளா என்ற கேள்வியே இல்லை. அவள் வீட்டுக்குள் அத்தனை வருடம் எதை வைத்திருந்தாள் என்பதுதான் கடைசிவரை இழுத்துப் போகிறது. வரி கேட்டு வந்தவர்கள் அவள் முன் நிற்கும்போது, தங்கச் சங்கிலியின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கடிகாரம் ஓடும் சத்தம் அவர்களுக்குக் கேட்கிறது. இதுபோல முடிவை முதலில் கொடுத்துவிட்டால், வாசகர் தேடுவதற்கு வேறொன்றைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

அலசிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு

"இருண்ட சொற்கள் மூலம் ஆசிரியர் சாவின் சூழலை உருவாக்குகிறார்" என்ற வாக்கியத்தை எந்தக் கதைக்கும் ஒட்டலாம், அதனால் அது எதையும் சொல்வதில்லை. ஒரு சொல்லைக் குறிப்பாக எடுங்கள், அது எந்த இடத்தில் வருகிறது என்று சொல்லுங்கள், அது வந்ததால் வாசகருக்கு என்ன முன்கூட்டியே தெரிந்துவிட்டது, பாத்திரத்துக்கு என்ன தெரியாமல் போயிற்று என்று எழுதுங்கள். குறியீட்டைப் பற்றி எழுதும்போது "கடிகாரம் காலத்தைக் குறிக்கிறது" என்று நிறுத்தாமல், கதையின் தொடக்கத்தில் அது எப்படி இருந்தது, நடுவில் என்ன ஆனது, முடிவில் என்ன ஆனது என்று மூன்று இடத்தையும் காட்டுங்கள்.

போவின் முகமூடிக் கதையையே எடுத்தால், கடைசிப் பத்தியில் ஒன்றைத் தவிர எல்லா வாக்கியங்களும் "மேலும்" என்ற இணைப்போடுதான் தொடங்குகின்றன. விருந்தாளிகள் ஒவ்வொருவராக விழுகிறார்கள், கடைசி ஆளின் உயிரோடு கடிகாரத்தின் உயிரும் போகிறது, விளக்குகள் அணைகின்றன, இருளும் அழிவும் சிவப்பு மரணமும் எல்லாவற்றையும் ஆள்கின்றன. இதைப் பற்றி நீங்கள் இப்படி எழுதலாம்: "ஏனென்றால், ஆனால், இருந்தாலும் என்று காரணமோ தடையோ சொல்லும் எந்த இணைப்பும் அந்த வாக்கியங்களின் தொடக்கத்தில் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுவதால் நிகழ்வுகளுக்கு இடையே யாரும் குறுக்கிட இடமில்லாமல் போகிறது. கதை முழுக்க மணிக்கு ஒருமுறை நின்று நின்று போன கூட்டத்துக்கு, இந்தப் பத்தியில் நிற்பதற்கு ஒரு இடமும் தரப்படவில்லை."